அம்மா அப்பாவுக்கு போன் பிளான்: எத்தனை ஜிபி என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது



இன்றைக்குக் கோயில் அறிவிப்பு எதுவும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

நம்ம தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும்: "அம்மாவுக்கு மலிவா ஒரு போன் பிளான் சொல்லுங்களேன்." கேட்ட பத்து நிமிஷத்தில் இருபது பதில் வந்துடும். ஒருத்தர் 200 ஜிபி என்பார். அடுத்தவர் அதே காசுக்கு 300 ஜிபி என்பார். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொல்றாங்க. ஆனா அந்த அம்மாவுக்கு 78 வயசு. வெளியே போனா ஈரச்சந்தை, பலதுறை மருந்தகம், கோயில், அவ்வளவுதான். 300 ஜிபியை வெச்சு அவங்க என்ன செய்வாங்கன்னு கேட்கிற ஆளைக் காணோம்.

அன்னதானக் கூடத்தில் சாம்பார் வாளி தூக்குற எங்களுக்கு வேற கேள்விகள் வரும். சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு, பைக்குள்ளே கைக்குட்டையில் சுத்தி வெச்சிருக்கிற போனை எடுத்துக்கிட்டு பெரியவங்க வருவாங்க. "தம்பி, இதை அமுக்கினா காசு போகுமா?" "மக வீடியோவில கூப்பிடுறா, எடுத்தா எனக்குப் பில் வருமா?" "டேட்டா முடிஞ்சுதுன்னு என்னமோ வருது, இனிமே பேச முடியாதா?" கேள்விகள் வேற வேற மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கிறது ஒண்ணுதான். பயம். பில் ஏறிடுமோ, பிள்ளைக்குச் செலவு வெச்சிடுவோமோ என்கிற பயம்.

அதனால நான் இப்போ யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்றேன்: உங்க அம்மா அப்பாவுக்கு எந்தப் பயத்தைப் போக்கணும்னு பாருங்க. அதுக்கு ஏத்த பிளானை எடுங்க. மாசம் 3 வெள்ளி மிச்சம் பிடிச்சு, அவங்க போனையே தொடப் பயந்துக்கிட்டு இருந்தா அந்த 3 வெள்ளி மிச்சமே இல்லைங்க.

இந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. நம்ம ஊரில் கைபேசி வந்த புதுசில் நாம கூப்பிட்டாலும் நிமிஷக் கணக்கு, நம்மை ஒருத்தர் கூப்பிட்டு நாம எடுத்தாலும் நிமிஷக் கணக்கு. "வரும் அழைப்பு இலவசம்" என்பதையே பெரிய சலுகையா விளம்பரம் பண்ணின காலம் அது. ஊருக்குப் பேசணும்னா தேக்கா பக்கம் போய் அழைப்பட்டை வாங்கி, வெள்ளி நாணயத்தால் சுரண்டி, அந்த நீள எண்ணை ஒவ்வொண்ணா அமுக்கி, எப்போ கட் ஆகுமோன்னு பதறிக்கிட்டே பேசினாங்க. அப்படிப் பழகின கை இன்னிக்கும் ஒரு ரிங் விட்டுட்டு வெச்சிடுது. நாம திருப்பிக் கூப்பிடணும். அதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச சிக்கனம்.

நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு பாட்டி இருக்காங்க. பேர் வேண்டாம். மகன் நல்ல பிளான்தான் எடுத்துக் கொடுத்திருக்கார். பாட்டி என்ன செய்வாங்கன்னா, பேசி முடிச்ச உடனே போனை முழுசா அணைச்சு வெச்சிடுவாங்க. ஆன்ல இருந்தா காசு ஓடும்னு அவங்க நினைப்பு. ஒரு பிரதோஷத்துக்கு அவங்க வரல. எப்பவும் நந்தி பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ற ஆள் காணோமேன்னு ஒரு அக்கா கூப்பிட்டுப் பார்த்தா போன் அணைஞ்சு கிடக்கு. மகனும் வேலையிடத்திலிருந்து மதியத்திலிருந்தே கூப்பிட்டுக்கிட்டு இருக்கார். கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் போய்க் கதவைத் தட்டினாங்க. பாட்டி தலைசுத்தலில் காலையிலிருந்து எழுந்திருக்க முடியாமப் படுத்திருந்தாங்க. போன் கையெட்டும் தூரத்தில், மேசை மேலேயே இருந்தது. ஆனா அணைஞ்ச போன். அதைத் திறக்கிற தெம்புகூட இல்லை.

அந்த மகன்கிட்ட எந்தக் குறையும் இல்லை. மாசாமாசம் ஒழுங்கா கட்டுறார். "இது ஆன்ல இருந்தாலும் காசு போகாதும்மா" என்ற ஒரு வாக்கியம் மட்டும் பாட்டி காதுக்குப் போய்ச் சேரல. இப்போ சேர்ந்துடுச்சு. பாட்டி நல்லா இருக்காங்க. போனும் ஆன்லயே இருக்கு.

சரி, இனி வேலைக்கு வருவோம். பிளான் பார்க்கிறதுக்கு முன்னாடி முதலில் கையில் இருக்கிற போனைப் பாருங்க.

சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலில் நிறுத்தினாங்க. 3ஜி சேவை 2024-இல் முடிஞ்சது. அதாவது இப்போ சாதாரணக் குரல் அழைப்புகூட 4ஜி வழியாகத்தான் போகணும். அதுக்கு போனில் வோல்ட்டி என்கிற வசதி இருக்கணும். ஜோகூரில் சித்தப்பா கொடுத்த பழைய போன், ஊரிலிருந்து வந்த பட்டன் போன், அலமாரியில் பத்திரமா வெச்சிருந்த நோக்கியா எல்லாம் இங்கே சிம் போட்டாலும் பேசாது. சில போனில் 4ஜி இணையம் வரும், ஆனா நம்ம தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு அந்த வோல்ட்டி ஒத்துப்போகாது. வாட்ஸ்அப் ஓடும், சாதாரண அழைப்பு போகாது. அதனால் புது சிம்மைப் போட்ட உடனே ஒரு சாதாரண அழைப்பு அடிச்சுப் பாருங்க, இன்னொரு போனிலிருந்து அதுக்கும் அடிச்சுப் பாருங்க. தொடுதிரை வராத பெரியவங்களுக்கு 4ஜி பட்டன் போன்களும் கடையில் கிடைக்குது. எழுத்தும் பட்டனும் பெரிசா இருக்கிறதாப் பாருங்க.

அடுத்தது, ஒரு வாரக் கணக்கு. அவங்க போனை வெச்சு உண்மையில் என்ன செய்றாங்கன்னு ஒரு வாரம் கவனிங்க. போன் அமைப்புகளில் மொபைல் டேட்டா எவ்வளவு போயிருக்குன்னு காட்டும். ஆப் வாரியாகவும் காட்டும். வீட்டில் வைஃபை இருந்தா, காலையில் சுப்ரபாதம், சாயங்காலம் சீரியல் எல்லாம் வைஃபையிலேயே ஓடிடும். அது பிளான் கணக்கில் வராது. வெளியே எவ்வளவு பார்க்கிறாங்க என்பதுதான் கேள்வி.

சுமாரான கணக்கு ஒண்ணு சொல்றேன். யூடியூப் சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் ஓடினா ஏறக்குறைய அரை ஜிபி. வெளியே தினம் அரை மணி நேரம் பார்த்தாலும் மாசம் 7, 8 ஜிபிதான் ஆகும். வாட்ஸ்அப் குரல் அழைப்பு ரொம்பக் கொஞ்சமா இழுக்கும், மணிக்குச் சில பத்து எம்பிதான். வீடியோ அழைப்பு அதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஆக, வீட்டில் வைஃபை உள்ள பெரியவங்களுக்குச் சின்னப் பிளானே தாராளமாப் போதும். வீட்டில் வைஃபை இல்லாம தனியா இருக்கிறவங்களுக்குத்தான் பெரிய ஜிபி. அப்படி இருக்கிறவங்க பேரப்பிள்ளைங்க முகத்தைப் பார்க்கிறதும் இந்தச் சின்னத் திரையில்தான், டிவியும் இதுதான். அங்கே ஜிபியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பேச்சு நிமிஷத்தை நம்மில் யாரும் பார்க்கிறதே இல்லை. நாம எல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போயிட்டோம். பெரியவங்க போகல. அவங்க எண்ணை அமுக்கித்தான் பேசுவாங்க. எதிரே இருக்கிற தோழியும் அப்படித்தான். அதனால அவங்க பிளானில் ஜிபியைவிட நிமிஷம்தான் முக்கியம். 500 நிமிஷம்னா நாளுக்குப் 16 நிமிஷம் சொச்சம். 1,000 நிமிஷம்னா நாளுக்கு 33 நிமிஷம். அம்மா எவ்வளவு பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். கணக்குப் போட்டு, அதுக்கு மேலே இருக்கிறதா எடுங்க. நிமிஷம் தாண்டினா என்ன கட்டணம் என்பதையும் கேட்டு வெச்சுக்குங்க. வரும் அழைப்பு இலவசம்தானான்னு ஒரு வார்த்தை உறுதி பண்ணிக்கோங்க.

எங்க அம்மாவுக்கு நான் எடுத்துக் கொடுத்தது மாசம் 10 வெள்ளிப் பிளான். நிமிஷம் மாசாமாசம் மிச்சம் கிடந்தது. ஆனாலும் அம்மா ஒரு ரிங் விட்டு வெச்சிடுவாங்க. வாயால் சொன்னா தலையாட்டுவாங்க, மறுநாள் அதே கதை. அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்: "எவ்வளவு பேசினாலும் மாசம் 10 வெள்ளிதான். இந்த மாசக் காசு கட்டியாச்சு." அந்த வாரமே பிடோக்கில் இருக்கிற சின்னம்மாவோட 40 நிமிஷம் பேசியிருக்காங்க. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த கதை எல்லாம் ஓடியிருக்கு. ரெண்டு பேரும் ஒரே தீவில்தான் இருக்காங்க. அவ்வளவு நேரம் பேசி எத்தனை வருஷம் ஆச்சோ தெரியல.

வெளிநாட்டு அழைப்பு தனிக் கணக்கு. ஈப்போவில் அண்ணன், கூலாயில் அக்கா, காரைக்குடியில் நாத்தனார் என்று நம்ம குடும்பங்களில் யாராவது ஒருத்தர் வெளியே இருப்பாங்க. பிளானில் உள்ள நிமிஷம் பெரும்பாலும் உள்ளூர் அழைப்புக்குத்தான். வெளிநாட்டுக்கு அடிச்சா தனிக் கட்டணம். அதுவும் எண்ணுக்கு முன்னால் எந்த முன்னொட்டு போடுறோம் என்பதைப் பொறுத்து ஒரே நிறுவனத்திலேயே கட்டணம் மாறும். சில பிளான்களில் மலேசியா, இந்தியா அழைப்பு நிமிஷங்கள் சேர்ந்தே வரும். அம்மாவின் கூடப்பிறந்தவங்க வாட்ஸ்அப்பில் இருந்தா நல்லது. இல்லைன்னா இந்த மாதிரிப் பிளானைத் தேடுங்க. வாட்ஸ்அப்பில் உள்ள சொந்தக்காரங்க படத்தை முகப்புத் திரையிலேயே வெச்சுக் கொடுத்தா, எண்ணை அமுக்கும் வேலையே இல்லை.

பிளான் வகை மூணு. முதல் வகை, போனும் பிளானும் சேர்ந்து ரெண்டு வருஷ ஒப்பந்தம். "போன் இலவசம்" என்பாங்க. அந்த இலவசத்துக்கு மாசக் கட்டணத்தில் கணக்கு இருக்கும். மாசக் கட்டணத்தை 24-ஆல் பெருக்கிப் பாருங்க. போனைத் தனியாக் கைக்காசு போட்டு வாங்கி, சிம் பிளானைத் தனியா எடுத்தா எவ்வளவு ஆகும்னு பக்கத்தில் எழுதுங்க. பெரியவங்க விஷயத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான் குறையும். நடுவில் நிறுத்தினா அபராதம் உண்டு என்பதையும் மறக்காதீங்க. 80 வயசுக்காரங்களுக்கு ரெண்டு வருஷத்தில் எதுவும் மாறலாம். மகள் வீட்டுக்குப் போகலாம், தாதிமை இல்லத்துக்குப் போகலாம்.

இரண்டாவது வகை, ஒப்பந்தம் இல்லாத சிம் பிளான். மாசாமாசம் கட்டலாம், வேண்டாம்னா நிறுத்தலாம். இன்றைக்கு மாசம் 10 வெள்ளி சொச்சத்திலேயே பெரியவங்களுக்குப் போதுமானது கிடைக்குது. சலுகைகள் மாசத்துக்கு மாசம் மாறும். அதனால நான் இங்கே விலைப்பட்டியல் போடல.

மூணாவது, முன்கட்டண அட்டை. பலர் இதைக் கேவலமா நினைக்கிறாங்க, "வெளிநாட்டு ஊழியர் போடுறது" என்று. அப்படி இல்லைங்க. சில பெரியவங்களுக்கு இதுதான் பயத்தைப் போக்கும் மருந்து. பத்து வெள்ளி போட்டா பத்து வெள்ளிதான் போகும், அதுக்கு மேலே பில்லே வராது. எங்க கோயில் செருப்பு இடத்தில் உதவி பண்ற ஒரு தாத்தா, மகன் பில் கட்டுறதை ஏத்துக்கவே மாட்டார். மாசம் பிறந்ததும் கடைக்கு நடந்து போய், தன் கைக்காசைக் கொடுத்துத் தானே நிரப்பிக்குவார். "என் போன், என் காசு" என்பார். அவருக்கு 300 ஜிபியை நீட்டினா அவமானம். ஒரே கவனம்: முன்கட்டண அட்டைக்குக் காலாவதி உண்டு. குறிப்பிட்ட நாளுக்குள்ளே நிரப்பலைன்னா இருக்கிற காசும் போகும், கடைசியில் எண்ணே போயிடும். அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி குறிக்கிற மாதிரி குறிச்சு வைங்க.

எண் போயிடும்னு சொன்னேனே, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. எந்த மலிவுக்காகவும் பெரியவங்க எண்ணை மாத்தாதீங்க. சிங்பாஸ், வங்கி, பேநவ், மருத்துவமனைச் சந்திப்பு நினைவூட்டல் எல்லாம் அந்த எட்டு எண்ணைத்தான் நம்பியிருக்கு. சிடிசி பற்றுச்சீட்டு இணைப்பும் அதுக்குத்தான் வரும். 2025-இல் 60 வயசும் அதுக்கு மேலும் ஆனவங்களுக்கு 800 வெள்ளி எஸ்ஜி60 பற்றுச்சீட்டு வந்தப்போ, எண்ணை மாத்தின பெரியவங்க சிலர் "எனக்கு மட்டும் குறுஞ்செய்தி வரல தம்பி" என்று எங்ககிட்ட வந்து நின்னாங்க. பழைய எண் யார்கிட்ட இருக்கோ? அதைவிட, அம்மாவின் பள்ளித் தோழி மனப்பாடமா வெச்சிருக்கிற எண் அது. அவங்ககிட்ட யாரும் புது எண்ணைக் கொண்டு போய்ச் சேர்க்கப் போறதில்லை.

அதே எண்ணை வெச்சுக்கிட்டு நிறுவனம் மாறும் வசதி 2008-லிருந்தே நம்ம ஊரில் முழுசா இருக்கு. செய்ய வேண்டிய முறை இதுதான். பழைய சேவையை நீங்களா முன்கூட்டியே நிறுத்திடாதீங்க. நிறுத்தினா எண்ணும் போயிடும். புது நிறுவனத்தில் "எண்ணோடு மாறுறேன்" என்று பதியுங்க. பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒரே ஆள் பேரில், ஒரே அடையாள அட்டை எண்ணில் இருக்கணும். அப்பா பேரில் இருக்கிறதை உங்க பேருக்கு மாத்தணும்னா, முதலில் பழைய இடத்தில் பேர் மாற்றம் பண்ணிட்டு வாங்க. ஒப்பந்தம் பாக்கி இருந்தா, எண் மாறினாலும் அந்த அபராதம் உங்களைத் தேடி வரும். அதை முன்னாடியே கேட்டுக்குங்க.

சிக்னலைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த வலையமைப்பு வெச்சிருக்கிறது சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. மத்த பல பேர்கள் இவங்களோட கோபுரத்தில் ஏறி ஓடுறவைதான். கோமோ சிங்டெலோடது, கிகா ஸ்டார்ஹப்போடது. உங்க அலுவலகத்தில் நல்லா எடுக்குது என்பது அம்மாவுக்கு உதவாது. அம்மா படுக்கிற அறை, சமையலறை, மின்தூக்கிப் பக்கம், புளோக் கீழ்த்தளம், வழக்கமா போற சந்தை, இந்த இடங்களில் எடுக்கணும். அதே வலையமைப்பில் இருக்கிற யாரையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நடந்து பாருங்க. சாப்பாடும் போட்ட மாதிரி ஆச்சு.

ரொம்ப மலிவான பிளான்களில் சிலதுக்குக் கடையே கிடையாது. எல்லாம் ஆப் வழியாத்தான். பிரச்சினைன்னா எழுதித்தான் கேட்கணும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். உங்க கைக்குள்ளே அந்த ஆப் இருக்கிற வரைக்கும் அது நல்ல பிளான். நீங்க வெளிநாட்டில் வேலைக்குப் போயிட்டா அம்மா யாரைக் கேட்பாங்க? பிள்ளை பக்கத்தில் இல்லாத வீட்டுக்கு, ரெண்டு மூணு வெள்ளி அதிகமானாலும் நேரில் போய் நின்னு கேட்கக் கடை உள்ள நிறுவனம் நல்லது.

இனி, பூட்ட வேண்டிய கதவுகள். பில் பயம் உண்மையாகிறது இங்கேதான். ஒரு அக்காவின் மாமியாருக்கு மாசாமாசம் ஏதோ ஒரு கூடுதல் சேவைக்குக் காசு போயிட்டே இருந்தது. முதல் மாசம் இலவசம்னு சேர்த்துவிட்டிருக்காங்க, அப்புறம் அது தானா ஓடிக்கிட்டே இருந்திருக்கு. மாமியாரோ தான் நிறையப் பேசினதாலதான் பில் ஏறுதுன்னு நினைச்சு, பேசுறதையே குறைச்சுட்டாங்க! அதனால பில்லை வரிக்கு வரி ஒரு தடவை படிங்க. கட்டணச் சேவைக் குறுஞ்செய்திகளை மொத்தமா முடக்கச் சொல்லிக் கேளுங்க, முடக்கித் தருவாங்க. டேட்டா ரோமிங்கை அணைச்சு வைங்க. உட்லண்ட்ஸ், செம்பவாங் கடலோரம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், போன் தானாவே மலேசிய சிக்னலைப் பிடிச்சுக்கும்.

அப்பா அம்மா ரெண்டு மூணு மாசம் ஊருக்குக் கோயில் கும்பிடப் போனாலும் சிங்கப்பூர் எண்ணை உயிரோட வெச்சிருங்க, ஓடிபி அதுக்குத்தான் வரும். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டாலும் வாட்ஸ்அப் பழைய சிங்கப்பூர் எண்ணிலேயே ஓடும். சிங்கப்பூர் எண்ணுக்கு வர்ற அழைப்பை அங்கே எடுத்தா ரோமிங் கட்டணம் ஆகும் என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்க.

மோசடிக்காரங்க இன்னொரு பயம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு முன்னால் கூட்டல் குறி வரும். உள்ளூர் அழைப்புக்கு வராது. கூட்டல் குறியோட +65 என்று வந்து "போலீஸ் பேசுறேன், வங்கி பேசுறேன்" என்றால் வெச்சிடச் சொல்லுங்க. வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமா தடுக்கிற வசதியும் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் இருக்கு. சொந்தக்காரங்க வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுறாங்கன்னா தாராளமா அதைப் போட்டு வைங்க. பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திக்கு 2023 ஜனவரி கடைசியிலிருந்து "மோசடியாக இருக்கலாம்" என்ற ஆங்கில முத்திரை விழுது. அது எப்படி இருக்கும்னு ஒண்ணைக் காட்டிப் பழக்கிடுங்க. ஸ்கேம்ஷீல்டு ஆப்பைப் போட்டுக் கொடுங்க. சந்தேகம் வந்தா கேட்க 1799 என்ற எண் இருக்கு. அதையும் அந்தக் குளிர்பதனப் பெட்டித் தாளில் எழுதிடுங்க, 995-க்குப் பக்கத்தில்.

வசதி குறைஞ்ச பெரியவங்களுக்காக 2020-லிருந்து தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சலுகை விலையில் திறன்பேசியும் பிளானும் கிடைக்க வழி செஞ்சிருக்கு. நிபந்தனைகள் அப்பப்போ மாறும். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் இருக்கிற மின்னிலக்கத் தூதர்கள்கிட்ட போய்க் கேட்டா இப்போ என்ன இருக்குன்னு சொல்வாங்க. காசு கேட்க மாட்டாங்க. அடையாள அட்டையை எடுத்துட்டுப் போங்க. சில நிறுவனங்களில் மூத்தோருக்கென்று தனிப் பிளானும் உண்டு. விளம்பரத்தில் பெரிசாத் தெரியாது, நாமதான் வாய் விட்டுக் கேட்கணும்.

எல்லாம் முடிச்சு சிம்மைப் போட்டுக் கொடுக்கும்போது அவசரப்படாதீங்க. எழுத்தைப் பெரிசாக்குங்க. மொழியைத் தமிழுக்கு மாத்தலாமான்னு கேளுங்க. சிலருக்குப் பழகின ஆங்கிலப் படங்களே போதும், தமிழில் வந்தா குழம்புவாங்க. அவங்க விருப்பம். பக்கத்தில் உட்கார்ந்து அவங்க கையாலேயே மூணு பேருக்கு அடிக்கச் சொல்லுங்க. நீங்க அடிச்சுக் காட்டினா நீங்க கிளம்பினதும் மறந்துடும். அவங்க விரல் அமுக்கினாத்தான் நிக்கும்.

தனியா இருக்கிற பெரியவங்க, பிள்ளைங்க தூரத்தில் இருக்கிறவங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு அப்புறம் அன்னதானக் கூடத்தில் எங்களைப் பாருங்க. பிளான் பில்லையும் போனையும் கொண்டு வந்தாப் போதும். சிங்பாஸ் கடவுச்சொல், வங்கி எண், ஓடிபி எதையும் எங்ககிட்டேயும் காட்டாதீங்க, நாங்க கேட்டாலும் கொடுக்காதீங்க. கோயில் டி-ஷர்ட் போட்டவன் கேட்டாலும் அதே பதில்தான்.

ஒரு உதவி கேட்கிறேன். தமிழ் எழுத்து ஒழுங்காத் தெரியுற 4ஜி பட்டன் போன் யாராவது பெரியவங்களுக்கு வாங்கிக் கொடுத்துப் பயன்படுத்திப் பார்த்திருந்தா, எது, எங்கே வாங்கினீங்க, ஆறு மாசம் கழிச்சும் நல்லா ஓடுதான்னு கீழே எழுதுங்க. அடுத்த வாரம் கேட்டு வரப்போறவங்க மூணு பேர் இப்பவே வரிசையில் இருக்காங்க.

ஓம் நமசிவாய.